மெயின் பிளேட் தேடி அக்கராயனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை

இந்த வலைப்பக்கத்தை நடத்துபவர் என் மருமகன். ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறார். போன மாதம் அவர் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போய், தன் ட்ரெய்லரின் பின் அச்சுக்கு, ஸ்பிரிங்குக்குப் பதிலாக வைக்கும் இரண்டு காற்றுப் பைகள் வாங்கி வந்ததை எழுதியிருந்தார். மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டாராம். பையின் படத்தை முதல் நாளே கடைக்காரருக்குத் தொலைபேசியில் அனுப்பிவிட்டாராம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் மருமகன் மேல் பொறாமைப்படுவதா என்று மகள் கேட்டாள். ஏன், பொறாமைக்கு வயதெல்லை போட்டது யார்?

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். ஆனால் ஓடிய பாதையும் ஏறிய பஸ்ஸும் ஆட்கள் சொன்ன சொல்லும் எனக்கு மறக்கவில்லை. பழைய லொறி வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் ஸ்பிரிங்குக்காக வன்னியெல்லாம் அலைகிறார்கள். அவர்களுக்கு இது உதவும். காற்றுப் பை தேடுபவர்களுக்கும் உதவும், கடைசிவரை வாசித்தால்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு, ஆவணி மாதம். அக்கராயனில் சிறுபோக வெட்டு முடிந்து, களங்களில் நெல் குவிந்து கிடந்தது. நான் ஒரு மில் முதலாளியின் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலக யுத்தகாலத்து ஆமி லொறி, ஏலத்தில் எடுத்தது. என் மனைவி பாக்கியத்துக்கு அது ஒன்பதாம் மாதம், தலைப்பிள்ளை. தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான். அவளுடைய தாய் வீடு முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் முள்ளியவளை. புதன்கிழமை காலை நல்ல நேரம் என்று பார்த்து வைத்திருந்தோம். பேறு முடிந்தபின் பால் வேண்டும் என்பதால் கறவைப் பசுவையும் கன்றையும் கூடவே கொண்டுபோக வேண்டும். ஆகவே பஸ் சரிவராது, லொறிதான். போய்த் திரும்பும்போது முதலாளிக்குக் கருவாடு ஏற்றி வருவதாகச் சொல்லி அனுமதியும் வாங்கியிருந்தேன்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, களத்திலிருந்து நெல் மூட்டைகள் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் மதகில் ஏறி இறங்கினேன். பின்பக்கம் பனை முறிந்தது போல ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் இடதுபக்க ஸ்பிரிங்கின் மெயின் பிளேட் இரண்டு துண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அச்சுக்கு மேலே இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். எல்லாவற்றிலும் நீளமானது, இரண்டு நுனியும் சுருண்டு ஓட்டை உள்ளது, அதுதான் மெயின் பிளேட். மற்றப் பட்டை முறிந்தால் மெல்ல ஓடலாம். மெயின் போனால் அச்சே இடம் மாறிவிடும். காட்டில் ஒரு முதிரைக் கட்டை வெட்டி அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகி, சங்கிலியால் இறுக்கிக் கட்டி, மாட்டு வண்டி நடையில் வீடு வந்து சேர்ந்தேன்.

மூட்டை இறக்க அன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்படியே வலதுபக்கம் போய், முறியாமல் இருந்த ஸ்பிரிங்கில் ஒரு நேரான தடியைப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை கத்தியால் கீறி அளவெடுத்தேன். எழுதத் தெரியாதவனுக்குத் தடிதானே கணக்கு.

பாக்கியம் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, புதன்கிழமைக்கிடையிலை லொறி சரிவருமே?”

“வரும்.”

“வராட்டிலும் பறவாயில்லை. துரை மச்சான் புதன்கிழமை முல்லைத்தீவு போறாராம். என்னை வழியிலை இறக்கி விடுவார்.”

“ஆர் சொன்னது?”

“அவர்தான். நேற்று வந்து சொல்லிப்போட்டுப் போனவர்.”

“நான் இல்லாத நேரத்திலையோ?”

“நீங்கள் வீட்டிலை இருக்கிற நேரம் எது?”

துரைராசா பாக்கியத்தின் மாமி மகன். முறைப்படி அவளைக் கட்ட வேண்டியவன். சாதகம் பொருந்தாததால் அவளை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனும் லொறிதான் ஓட்டினான், ஆனால் புது லொறி. பச்சை நிறம். கப்பலிலிருந்து இறங்கிய ஸ்பிரிங். பாதையில் கிடங்கு பள்ளத்தில் விழுந்தால் தொட்டில் மாதிரி ஒரு ஆட்டம் ஆடி நின்றுவிடும். அந்த லொறி அக்கராயன் ஒழுங்கையில் திரும்பினால் சனம் படலையைத் திறந்து பார்க்கும். என் லொறி வந்தால் படலையைச் சாத்தும், தூசிக்காக. எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மனைவி தன் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு அவனுடைய லொறியில் போய் முள்ளியவளையில் இறங்குவதை நான் உயிரோடு இருந்து பார்க்கக் கூடாது. புதன்கிழமைக்கு முன் பிளேட் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் என் பயணத்தின் நோக்கம்.

சனிக்கிழமை விடியற்காலையில் தடியையும் எடுத்துக்கொண்டு, எங்கள் குடியேற்றத் திட்டத்திலிருந்து போன ஒரு உழவு மெசினின் பெட்டியில் ஏறி, எட்டு மைல் தள்ளி முறிகண்டிச் சந்தியில் இறங்கினேன். அந்த வழியால் போயிருப்பவர்களுக்குத் தெரியும், முறிகண்டியில் பிள்ளையாருக்கு நிற்காமல் எந்த வாகனமும் போகாது. இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக் கொறித்த பிறகுதான் மிச்சப் பாதை. வேறு எங்கே கண்டாலும் துரைராசாவை முகம் பார்க்காமல் விலகிப் போகலாம். முறிகண்டியில் முடியாது. பச்சை லொறி கோயிலுக்கு முன்னால் நின்றது.

அதிலிருந்து இரண்டு பெண்கள் தயிர்ச் சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய மண் சட்டிகள், எருமைத் தயிர்.

“ஒரு சட்டியும் வெடிக்கேல்லை, பாத்தியே?” என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள். “ஆடையே கலங்கேல்லையடி.”

இதை நான் கேட்க வேண்டுமென்று பிள்ளையார் வைத்திருக்கிறார்.

துரைராசா தேங்காய்ப் பாதியோடு என்னிடம் வந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். என்னோடு எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான். அதிலும் எனக்கு ஒரு எரிச்சல்.

“கதிரண்ணை, மெயின் முறிஞ்சுபோச்சாம்?”

“ஓம்.”

“நெளுக்குளத்திலை ஹனிபா நானாட்டை ஒண்டு கிடக்கு. போன கிழமை என்ரை கண்ணாலை பாத்தனான். உங்கடை லொறிக்கெண்டு செய்த மாதிரி.”

“பாப்பம்.”

“சரிவராட்டி யோசியாதேங்கோ. பாக்கியத்தை நான் பக்குவமாக் கொண்டுபோய் விடுறன்.”

பக்குவமாகவாம். கச்சானைக் கோதுகூட உடைக்காமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

முறிகண்டியிலிருந்து வவுனியா ஏறத்தாழ நாற்பது மைல். பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் தொண்ணூறு சதம். ஏழு மணிக்கு ஏறி ஒன்பதரைக்கு இறங்கினேன். மாங்குளத்தில் தேநீருக்கு நிறுத்துவார்கள், வடை சூடாக இருக்கும், மற்றது ஒன்றும் வாங்க வேண்டாம். வவுனியாக் கடைவீதியில் லொறிச் சாமான் விற்ற மூன்று கடைகளிலும் கேட்டேன். வெளிநாட்டுச் சாமான் வரத்து மெலிந்துபோயிருந்த காலம் அது. முதல் கடையில் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் ஆமி லொறியா என்று சிரித்தார்கள். மூன்றாவது கடைக்காரரும் துரைராசா சொன்னதையே சொன்னார்: “நெளுக்குளத்துக்குப் போங்கோ. ஹனிபா நானாட்டை.”

நெளுக்குளம் பட்டணத்திலிருந்து மூன்று மைல். வாடகைச் சைக்கிளில் போனேன். யுத்தகாலத்தில் வவுனியாவில் இருந்த விமானத் திடலிலிருந்து கழித்துவிட்ட சாமான்கள் எல்லாம் ஹனிபா நானாவின் வளவில் குவிந்து கிடந்தன. வேப்பமர நிழலில் சாய்மனைக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

“துரைராசாத் தம்பி சொல்லித்தானே வந்தீங்க?” என்றார், நான் வாய் திறக்கும் முன்னே.

துரைராசா முந்திவிட்டான். இவன் எப்போது வந்து எதைச் சொல்லி வைத்திருக்கிறான்?

பிளேட்டை இழுத்துப் போட்டார். நல்ல இரும்பு. வில் மாதிரி வளைந்து நின்றது. தடியை வைத்துப் பார்த்தேன். ஓட்டைக்கு ஓட்டை என் கீறலைவிட மூன்று விரல் கட்டை.

“கட்டை, நானா.”

“கட்டை இல்ல தம்பி. தடிய நேரா வைக்கிறீங்க. நூலைப் புடிச்சு வளைவோட அளந்து பாருங்க.”

“ஓட்டை ரெண்டும் எங்கை நிக்குதெண்டுதானே எனக்கு வேணும்? லொறியிலை ஓட்டை நிக்கிற இடம் இந்தத் தடி.”

“உங்கட லொறியில அது எப்படி நிக்குது? சுமையோடயா, சும்மாவா?”

அந்தக் கேள்விக்கு நான் காது கொடுக்கவில்லை. என் புத்தி வேறு பக்கம் ஓடியது. பொருந்தாத பிளேட்டை என் தலையில் கட்டி, செவ்வாய்க்கிழமை நான் அதைப் பூட்ட முடியாமல் வியர்த்துக்கொண்டிருக்க, புதன்கிழமை பச்சை லொறியைக் கொண்டுவந்து படலையில் நிறுத்துவது. அதுதான் அவனுடைய திட்டம் என்று எனக்குப் பட்டது. நானா கேட்ட விலையும் குறைவு. விலை குறைவாக இருந்ததால் சந்தேகம் இன்னும் கூடியது.

“வேண்டாம்” என்றேன்.

“அப்ப தேடிப் பாருங்க” என்று சொல்லி அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிரவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை வாங்கிலில் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை புளியங்குளம், நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவு போகும் பஸ் பிடித்தேன். பாதை அநேகமாகக் கிறவல். இரண்டு பக்கமும் பாலை மரக்காடு, பழக் காலம் முடிந்திருந்தது. முள்ளியவளையில் இறங்கிப் பாக்கியத்தின் தாய் வீட்டுக்கு, என் மாமி வீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டால் ஊரில் கதையாகிவிடும்.

மாமி என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: “புதன்கிழமை துரை எத்தினை மணிக்கு வருவான்?”

“துரை என்னத்துக்கு மாமி? நான்தானே கொண்டுவாறன்.”

“உங்கடை லொறி முறிஞ்சுபோச்செண்டு துரை வந்து சொன்னவன்.” மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டே பேசினார். “அதுவும் நல்லதுக்குத்தான் தம்பி. அவன்ரை லொறி பூப்போல வரும். வயித்துப்பிள்ளைக்காரியை அதிலை கொண்டுவந்தாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.”

நான் முறிகண்டியிலிருந்து வவுனியாவைச் சுற்றி வருவதற்குள் அவன் குறுக்கு வழியாக வந்து, என் மாமியாரின் நெஞ்சை ஆற்றிவிட்டுப் போயிருக்கிறான். பாரை மீன் குழம்பு வைத்திருந்தார். ருசித்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த வீட்டில்தான் எனக்கு வழி கிடைத்தது. புதுக்குடியிருப்பில் பொன்னம்மா என்ற பெண்ணின் வளவில், என் லொறியைப் போலவே ஒரு ஆமி லொறி பல வருடமாகக் கோழிக்கூடாகக் கிடக்கிறது என்று மாமி சொன்னார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். முள்ளியவளையிலிருந்து முல்லைத்தீவுச் சந்தியில் மாறி ஏற வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சந்தைக்குப் பின்னால் மூன்றாவது ஒழுங்கை, பூவரசு வேலி.

லொறி அப்படியே நின்றது. நாலு ரயரும் மண்ணோடு மண். பொன்னம்மா அக்கா கணவனை இழந்தவர், நாற்பது வயது இருக்கும். என் தடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிளேட்டைக் கழட்டுங்கோ தம்பி. ஆனா ஒண்டு. உள்ளை றைவர் ஆசனத்திலை கோழி அடை கிடக்கு. இன்னும் ஒரு கிழமையிலை பொரிக்கும். அது எழும்பப்படாது.”

“அக்கா, ஜாக்கி வைச்சு லொறியைத் தூக்கோணுமே.”

“தூக்குங்கோ. கோழி எழும்பினா பிளேட் இல்லை.”

அந்த ஜாக்கியை நான் திருப்பிய மாதிரி உலகத்தில் எவனும் திருப்பியிருக்க மாட்டான். கால்வாசித் திருப்பு, பிறகு ஆசனத்தை எட்டிப் பார்ப்பது. கோழி ஒற்றைக் கண்ணால் என்னை முறைக்கும். இன்னொரு கால்வாசித் திருப்பு. துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் தட்டாமல், நட்டுச் சாவியில் தொங்கித் தொங்கிக் கழற்றினேன். பொன்னம்மா அக்கா பக்கத்தில் குந்தியிருந்து கதை கேட்டார்.

“ஆருக்கு இவ்வளவு அவசரம்? முதலாளிக்கோ?”

“பெண்சாதிக்கு அக்கா.”

“பெண்சாதிக்கு ஸ்பிரிங்கோ?” என்று அவர் சத்தமாகச் சிரித்தார். கோழி கழுத்தை நீட்டிக் கொக்கரித்தது. உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். “சீ, நானே எழுப்பிப்போடுவன்.”

மத்தியானம் பிளேட் வெளியே வந்தது. தடியை வைத்துப் பார்த்தேன். கீறலுக்குக் கீறல், மயிரிழை பிசகவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. துரைராசா காட்டிய பிளேட் மூன்று விரல் கட்டை, நானாகத் தேடிய பிளேட் அச்சொட்டு.

“என்ரை மனுசன் இதிலை பாலை மரக்குத்தியள் ஏத்தி ஏத்தியே லொறியைச் சாகடிச்சவர்” என்று பொன்னம்மா அக்கா சொன்னார். “கடைசிக் காலத்திலை பின்பக்கம் நிலத்தைத் தொடும்.”

அதையும் நான் காதில் வாங்கவில்லை. பிளேட் பலகை மாதிரி நேராக இருக்கிறதே என்று ஒரு கணமாவது யோசித்திருக்கலாம். பன்னிரண்டு ரூபாய் கொடுத்து, சாக்கில் சுற்றி, பரந்தன் போகும் பஸ்ஸின் கூரையில் ஏற்றினேன். பரந்தனுக்கு இருபது மைல் இருக்கும். விசுவமடுத் தாண்டினால் வெயிலுக்கு மறைப்பில்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். பரந்தனில் இறங்கி, கிளிநொச்சிக்கு ஒரு மீன் வண்டி, அங்கிருந்து அக்கராயனுக்கு நெல்லுக்கு வந்த ஒரு வண்டி. பொழுதுபடும் நேரம் வீட்டில் பிளேட்டை இறக்கினேன்.

பாக்கியம் வந்து பார்த்தாள். “இதே?”

“இதுதான்.”

“துரை மச்சான் சொன்ன பிளேட்டோ?”

“இல்லை. நான் தேடின பிளேட்.”

செவ்வாய்க்கிழமை ஆள் பிடித்து மூட்டைகளை இறக்கிப் பூட்டினேன். நீளம் கொஞ்சம் மிஞ்சுகிற மாதிரி இருந்தது. ஜாக்கியால் நெருக்கி, ஒரு மாதிரி ஆணியை உள்ளே விட்டுவிட்டேன். புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு, பாக்கியத்தை முன் ஆசனத்தில் இரண்டு தலையணை வைத்து இருத்தி, பின்னால் பசுவும் கன்றும் வைக்கோலும், தாய் வீட்டுக்குப் பத்து மூட்டை நெல்லும் ஏற்றிப் புறப்பட்டேன். படலைகள் திறந்தன. சனம் பார்த்தது. அந்த அரை மைல் தூரம் நான் ராசா.

முறிகண்டியில் தேங்காய் உடைத்தோம். மாங்குளம் வரை தார் றோட்டு, பரவாயில்லை. மாங்குளத்தில் முல்லைத்தீவுப் பாதையில் திரும்பியதும் கிடங்குகள் தொடங்கின. ஒவ்வொரு கிடங்கிலும் இடதுபக்கச் சட்டம் அச்சில் போய் இடித்தது. ஸ்பிரிங் அமுங்கவில்லை, அமுங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. பாக்கியம் ஒரு கையால் கதவையும் மற்றக் கையால் வயிற்றையும் பிடித்திருந்தாள்.   மாங்குளத்திலிருந்து எட்டு மைலில் அவள் முகம் வெளிறிப் போனது.

“நிப்பாட்டுங்கோ.”

நிறுத்தினேன். பின்னால் ஹோர்ன் சத்தம். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். பச்சை லொறி பக்கத்தில் வந்து நின்றது. துரைராசா இறங்கி, முதலில் பாக்கியத்தைப் பார்த்தான், பிறகு குனிந்து என் லொறியின் அடியைப் பார்த்தான்.

“கதிரண்ணை, பிளேட் மற்றப் பக்கம் வளைஞ்சு கிடக்கு. நெளுக்குளத்துப் பிளேட்டுக்கு என்ன நடந்தது?”

“அது கட்டை.”

“கட்டையோ?” கொஞ்சம் யோசித்தான். “லோட்டோட வைச்சு அளந்தனீங்களோ?”

நானும் குனிந்து பிளேட்டைப் பார்த்தேன். சுமை ஏறினால் ஸ்பிரிங் விரியும், விரிந்தால் ஓட்டைகள் விலகும். இதை ஒரு லொறிக்காரன் இன்னொரு லொறிக்காரனுக்கு, அவனுடைய மனைவியின் முன்னால், விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவனும் சொல்லவில்லை. பாக்கியத்துக்கு விளங்கிவிட்டது, என் முகத்திலிருந்து.

“நான் துரை மச்சான்ரை லொறியிலை வாறன்” என்றாள்.

“இன்னும் பதினைஞ்சு மைல்தான் பாக்கியம். மெல்ல ஓட்டுறன்.”

“உங்களுக்குப் பதினைஞ்சு மைல். எனக்கு ஒவ்வொரு கிடங்கும் கணக்கு.”

இறங்கினாள். துரைராசா கையைக் கொடுக்க வந்தான். நான் முந்திக்கொண்டு கொடுத்தேன். என் கையைப் பிடித்துத்தான் அவனுடைய லொறியில் ஏறினாள். ஏறியவள் தலையை வெளியே நீட்டி, “அந்தத் தலையணை ரெண்டையும் எடுத்துத் தாங்கோ” என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு பதினைந்து மைல், அவனுடைய தூசியைத் தின்றுகொண்டு பின்னால் போனேன், பசுவோடும் கன்றோடும். பச்சை லொறியின் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல் இருந்தது. அதில் பாக்கியத்தின் தலை தெரிந்தது. கிடங்கு வரும்போது என் தலை கூரையில் இடிக்கும். அவளுடைய தலை குடத்தில் தண்ணீர் கொண்டுபோகிறவளின் தலை மாதிரி மெல்ல இறங்கி மெல்ல ஏறும். ஒட்டுசுட்டான் தாண்டியதும் அந்தத் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மயங்கிவிட்டாளோ என்று ஹோர்ன் அடித்தேன். துரைராசா கையை வெளியே நீட்டி, ஒன்றுமில்லை என்று அசைத்தான். அவள் நித்திரை.

என் லொறியில் அவள் ஒரு நாளும் கண்ணயர்ந்தது கிடையாது. கலியாணம் முடித்து ஒன்றரை வருடம், எத்தனை பயணம், ஒரு நாளும் இல்லை.

முள்ளியவளையில் மாமியின் படலைக்கு முன்னால் பச்சை லொறி நின்றது. நான் பின்னால் நிறுத்தி இறங்கி ஓடினேன். துரைராசா முந்தி இறங்கிவிட்டான். கதவைச் சாத்தவில்லை, சத்தம் கேட்கும் என்று. என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தான். என் மனைவியை எழுப்ப வேண்டாம் என்று எனக்கு! மாமியும் படலையில் நின்று தலையாட்டுகிறார். கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் ஒழுங்கையில் நின்றோம், அவள் தானாகக் கண் விழிக்கும்வரை.

இரண்டு கிழமை கழித்துப் பிள்ளை பிறந்தது, பெண். தாயும் பிள்ளையும் சுகம். அதன்பின் நான் நெளுக்குளம் போனேன். ஹனிபா நானா அதே கதிரையில் இருந்தார். பிளேட் தனியாகச் சுவரில் சாத்தி வைத்திருந்தது. “நீங்க முதல் தரம் வாறதுக்கு முதல் நாளே துரைராசாத் தம்பி ஆள் அனுப்பி, வேற ஆளுக்குக் குடுக்க வேணாமெண்டு சொல்லிப்போட்டார்” என்றார். வாங்கிக்கொண்டு வந்து பூட்டினேன். ஆணி கைவிரலால் தள்ளப் போனது.

இனி, தேடிப் போகிறவர்களுக்கு. சுமையை இறக்கிவிட்டு அளவெடுங்கள். ஸ்பிரிங்கை நேர்த்தடியால் அளக்க வேண்டாம், நூலை வளைவோடு பிடியுங்கள். ஒரு பக்கம் முறிந்தால் மற்றப் பக்கத்தையும் சந்தேகியுங்கள், கை வசதி இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். பழைய பிளேட் வாங்கும்போது அந்த லொறி என்ன ஏற்றியது என்று கேளுங்கள், சொன்னால் காதில் வாங்குங்கள். காற்றுப் பைக்கும் இதே கதைதான் என்கிறார் மருமகன். காற்று இறங்கிச் சப்பளிந்து கிடக்கும் பையை அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். வண்டி ஓடுகிற உயரத்தில் நிற்கும்போது அளவெடுங்கள், பையில் அச்சடித்த இலக்கம் இருந்தால் அதைப் பாருங்கள். அடியில் படுக்கும் முன் சட்டத்துக்குக் கட்டை முட்டுக் கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். கடையைச் சொன்ன ஆளை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கடைக்குப் போய், பொருளைப் பாருங்கள்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தபின் பாக்கியத்தையும் பிள்ளையையும் கூட்டிவரப் போனேன். புதுப் பிளேட். வைக்கோல் மெத்தை. ஒட்டுசுட்டானில் நல்ல கிடங்கு ஒன்றில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தேன், தொட்டில் மாதிரி ஒரு ஆட்டம், நின்றுவிட்டது. பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தாள். மாங்குளத்தில் பார்த்தேன், திறந்திருந்தாள்.

“நித்திரை வரேல்லையோ?”

“கைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுறதோ?”

சரியான பதில்தான். பிள்ளை வளர்ந்து நடந்தது, பள்ளிக்கூடம் போனது. அந்த லொறி ஓய்ந்து, அதற்குப் பின் வேறு லொறி ஓட்டினேன், பிறகு வான். எதில் ஏற்றினாலும் கொஞ்சத் தூரம் போனதும் நான் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை அகலத் திறந்தபடி ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்.

“பாதையைப் பாத்து ஓட்டுங்கோ.”